டீச்சரிடம் கேளுங்கள்: பதின்மூன்று பாகையில் ஓர் ஊர்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். "அறிவியல் மையத்துக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஏன் அழைத்துப் போவதில்லை?" அந்த வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். ஏழு கடிதங்களுக்குத்தான் இங்கே இடம் கிடைத்தது. புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வடசென்னையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பயிலரங்கம் நடத்துகிறேன்.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் மகள் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. பள்ளியில் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போகிறார்கள். அன்று அவளுக்கு நீட் பயிற்சி வகுப்பும் இருக்கிறது. "அது சின்னப் பிள்ளைகள் போகிற இடம், நான்காம் வகுப்பிலேயே பார்த்தாயிற்றே" என்கிறார் கணவர். அனுப்பட்டுமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான்காம் வகுப்பில் பார்த்த அதே விதத்தில் பார்த்துவிட்டு வருவதானால் அந்த நாள் வீண்தான். இடம் ஒன்றாக இருக்கலாம். பதினாறு வயதுப் பெண் அங்கே செய்ய வேண்டிய வேலை வேறு.

கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கம் திறந்தது 1988ல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் முறை அழைத்துப் போனபோது நானும் பிள்ளைகளோடு சேர்ந்து வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். இருட்டு விழுந்து கூரை முழுக்க நட்சத்திரம் எழும்போது அரங்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் எதுவும் தொடங்காது. ஆனால் அடுத்த வாரம் வகுப்பில் "துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருந்தது?" என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. உச்சியில் என்றாள் ஒருத்தி. புத்தகத்துப் படத்தில் அது எப்போதும் மேலேதானே இருக்கிறது!

உங்கள் மகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். அரங்கத்தின் நடுவில் கிடைக்கிற இருக்கையில் உட்காரட்டும். ஓரத்து இருக்கையிலிருந்து பார்த்தால் கோணங்கள் மாறிவிடும். சென்னை வானத்தைக் காட்டும்போது வடக்குத் தொடுவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் வரை அளக்கட்டும். கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை (டிகிரி). நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 பாகை. துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டிக்கு மேலே மூன்று சுண்டுவிரல் உயரத்தில் நிற்கும். 13 பாகை. அதுதான் சென்னையின் அட்சரேகை. நம் மொட்டை மாடியிலிருந்து இதைப் பார்க்க முடிவதில்லை, ஏனென்றால் வடக்கே 13 பாகை உயரத்தை எதிர்வீட்டு அடுக்குமாடி அடைத்துக்கொள்கிறது. கோளரங்கத்துக்குப் போக எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது தெற்கே அகத்திய நட்சத்திரம் (கானோபஸ்). நம் ஊரில் அது தெற்குத் தொடுவானத்திலிருந்து அதிகபட்சம் 24 பாகை வரை ஏறும். டெல்லியில் 9 பாகையைக்கூடத் தொடாது. லண்டனில் எந்த நாளிலும் எழவே எழாது. ஏன் என்று அவளே ஒரு படம் வரைந்து கண்டுபிடிக்கட்டும். ஒரு கோடும் ஒரு வட்டமும் போதும். பதில் கிடைத்த அன்று பூமி உருண்டை என்பது அவளுடைய சொந்தச் சொத்தாகிவிடும்.

இதனால் நீட் மதிப்பெண் கூடும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சி.வி. ராமன் நம் மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் (பிரிசத்தின்) கோணத்தை அளந்துகொண்டிருந்தார். உங்கள் மகள் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு நிறமாலைமானியில் பழகப் போகிறாளே, கிட்டத்தட்ட அதே வேலை. சாய்வாக வந்த ஒளியில் வெளிச்சமும் இருட்டுமான பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததை அவர் கவனித்தார். கவனித்ததை விடாமல் பிடித்துக்கொண்டார். 1906ல், 18 வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதிலிருந்துதான் வந்தது. அந்தக் கருவியில் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் கோணம் அளந்திருப்பார்கள்.

கேள்வி: பூமி சுற்றுவதை ஊசல் கட்டிக் காட்டலாம் என்று ஒரு பயிலரங்கத்தில் சொன்னார்கள். பாரிஸில் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி செய்தாராம். படத்தை மட்டும் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். பள்ளியில் நாங்களே செய்ய முடியுமா டீச்சர்?
– பிளஸ் டூ மாணவி, ராயபுரம்

பதில்: முடியும் கண்ணு. நான் செய்திருக்கிறேன், என் மாணவிகள் செய்தார்கள் என்று சொல்வதுதான் சரி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஃபூக்கோ 1851ல் பாரிஸின் பாந்தியன் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். கீழே பூமி சுற்றுவதால், ஊசல் ஆடுகிற தளம் மணிக்கு 11 பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பியது. துருவத்தில் கட்டினால் ஒரே நாளில் முழுச் சுற்று சுற்றிவிடும். நிலநடுக்கோட்டில் கட்டினால் திரும்பவே திரும்பாது. இடையில் இருக்கிற ஊர்களுக்கு, மணிக்கு 15 பாகை என்பதை அந்த ஊர் அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சென்னைக்கு அந்த மதிப்பு 0.226. ஆக, மணிக்கு 3.4 பாகை. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 106 மணி நேரம், அதாவது நான்கு நாளும் பத்து மணியும். நம் ஊரில் இது மிக மெதுவான காட்சி. காட்சி நடத்துகிறவர்கள் படத்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மூன்று மாடிப் படிக்கட்டு சுழன்று ஏறும். நடுவில் கிணறுபோல் ஒரு வெற்றிடம். பாரிமுனையில் ஒரு கடையில் மெல்லிய எஃகுக் கம்பி வாங்கினோம், 9 மீட்டர். குண்டுக்கு உடற்கல்வி ஆசிரியையிடம் போனோம். பெண்கள் குண்டு எறிதலுக்கு வைத்திருந்த 4 கிலோ இரும்புக் குண்டு ஒன்று இருந்தது. வெல்டிங் பட்டறையில் அதில் ஒரு கொக்கி வைத்துத் தந்தார்கள். அடியில் ஒரு குண்டூசியை ஒட்டினோம். தரையில் தட்டு வைத்துக் கோலமாவைப் பரப்பினோம். குண்டு ஒரு முறை போய்த் திரும்ப ஆறு விநாடி. அந்த நிதானமான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முதல் நாள் நானே குண்டைக் கையால் அரை மீட்டர் இழுத்துவிட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் 6 பாகை திரும்பியிருந்தது. வராண்டாவில் கூடியிருந்த ஆசிரியைகள் கைதட்டினார்கள். பூமி சுற்றுகிறது! எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அரை மணிக்கு 1.7 தானே வர வேண்டும்? மூன்று மடங்குக்கு மேல் வந்திருக்கிறதே?"

அவள் கேட்டிருக்காவிட்டால் அந்தத் தவற்றை ஒரு வெற்றி என்று நான் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேனோ! உட்கார்ந்து கவனித்தோம். குண்டு நேர்கோட்டில் ஆடவில்லை. மிக ஒல்லியான ஒரு நீள்வட்டத்தில் ஆடியது. கையால் விடும்போது விரல் தந்த சிறு தள்ளல்தான் காரணம். 9 மீட்டர் ஊசல் அரை மீட்டர் வீச்சில் ஆடும்போது, நடுக்கோட்டிலிருந்து வெறும் 2 செ.மீ. விலகினால்கூட அந்த நீள்வட்டம் மணிக்கு 10 பாகை அளவுக்குத் தானாகவே திரும்பும். பூமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பூமியின் 3.4 பாகை அதற்குள் மூழ்கிப்போகும்.

அடுத்த வாரம் குண்டைப் பருத்தி நூலால் பின்னுக்கு இழுத்துக் கைப்பிடிக் கம்பியில் கட்டினோம். ஆட்டம் முழுக்க அடங்கும் வரை கால் மணி நேரம் காத்திருந்தோம். மின்விசிறிகளை நிறுத்தினோம், ஜன்னல்களைச் சாத்தினோம். பிறகு மெழுகுவர்த்தியால் நூலை எரித்தோம். நூல் அறுந்ததும் குண்டு தானாகப் புறப்பட்டது. அரை மணி கழித்துக் கோலமாவில் ஊசி கீறிய கோடு, வலஞ்சுழியாக, இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருந்தது. முனையில் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்தான். அந்த ஒரு சென்டிமீட்டரைக் குனிந்து பார்க்க எழுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

நீயும் நூலைக் கட்டி எரித்துத்தான் விடு. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். மேலே கம்பியைக் கட்டுகிற இடத்தை ஒரு தொழிலாளியை விட்டுச் சரிபார்க்கச் சொல். எவ்வளவு திரும்பும் என்பதை முதலில் கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு நூலுக்கு நெருப்பு வை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிக்கு வான் டி கிராஃப் மின்னியற்றி (குழாய்க்குள் ரப்பர்ப் பட்டை ஓடி, உச்சியில் இருக்கிற உலோகக் கோளத்தில் மின்னூட்டம் சேர்க்கும் கருவி) ஒன்று வாங்கினோம். அறிவியல் கண்காட்சியில் மாணவியின் தலைமுடி எழும்பும் என்று முன்கூட்டியே அறிவித்தேன். எழும்பவே இல்லை. மாணவர்கள் முன்னால் தலைகுனிவாகிவிட்டது. கருவியில் கோளாறா?
– இயற்பியல் ஆசிரியர், பொன்னேரி

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கும் சார். நம் கடலோரக் காற்றுதான் காரணம். ஈரம் அந்த ரப்பர்ப் பட்டையிலும் தாங்கு குழாயிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடுகிறது. மேலே ஏறுகிற மின்னூட்டம் அதன் வழியே கீழே கசிந்து போகிறது. குளிர் நாடுகளின் வறண்ட குளிர்காலத்தில் இந்தக் கருவி தானாகவே ஆடும். பொன்னேரியில், அதுவும் மழைக்காலத்தில், அதற்குக் கொஞ்சம் பணிவிடை செய்ய வேண்டும்.

காலையில் ஸ்பிரிட் தொட்ட துணியால் கோளத்தையும் குழாயையும் துடையுங்கள். முடி உலர்த்தும் கருவியால் பட்டைக்கும் குழாய்க்கும் ஐந்து நிமிடம் சூடான காற்று கொடுங்கள். குளிர்சாதன அறை கிடைத்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்; அது காற்றின் ஈரத்தை வடித்துவிடும். இல்லையென்றால் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முன்னால், பதினொரு மணிவாக்கில் நடத்துங்கள். அதிகாலைதான் மிக மோசமான நேரம்.

இன்னொன்று, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலை எழும்பாது. எண்ணெய் முடிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. முந்தைய நாளே ஒரு மாணவியிடம் சொல்லி, தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் முக்காலி மேல் நிற்கட்டும், முதலில் கோளத்தில் கை வைக்கட்டும், அதன் பிறகு விசையைப் போடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய எவரும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு முடி எழும்புவதோடு நிறுத்தாதீர்கள். காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் பொறி பறக்கும். சிறிய கோளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து எத்தனை சென்டிமீட்டரில் பொறி தாவுகிறது என்று அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். மூன்று சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 90,000 வோல்ட். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை அளந்து, அன்றைய காற்றின் ஈரப்பதத்தோடு சேர்த்து ஒரு வரைபடம் போடட்டும். முடி எழும்பாத நாள்கூட அப்போது ஓர் அளவீடு ஆகிவிடும். உங்களுக்குத் தலைகுனிவே இல்லை சார். "ஏன் எழும்பவில்லை?" என்று அன்றே பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் அந்தக் கண்காட்சியிலேயே சிறந்த அரங்கம் உங்களுடையதாக இருந்திருக்கும்.

கேள்வி: அறிவியல் காட்சி ஒன்றில் திரவ நைட்ரஜனைக் கொட்டினார்கள். வெள்ளையாகப் புகை வந்தது. அது நைட்ரஜன் வாயு என்கிறான் என் நண்பன். சரியா? பலூனை அதில் அமுக்கியதும் சப்பையாகிவிட்டது. வெப்பநிலை குறைகிற விகிதத்திலேயே வாயு சுருங்கும் என்கிற சார்லஸ் விதிப்படி என்றார்கள்.
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி

பதில்: தம்பி, நைட்ரஜன் வாயுவுக்கு நிறமே கிடையாது. நீ இப்போது மூச்சில் இழுக்கிற காற்றில் 78 விழுக்காடு அதுதான், தெரிகிறதா என்ன? வெள்ளையாகத் தெரிந்தது காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து துளித்துளியாக ஆனது. மூடுபனி போல. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காட்சி இன்னும் அழகாக இருந்திருக்கும்.

பலூன் விஷயத்தில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அறையின் வெப்பநிலை 303 கெல்வின் என்று வைத்துக்கொள். திரவ நைட்ரஜன் −196 டிகிரி செல்சியஸ், அதாவது 77 கெல்வின். சார்லஸ் விதிப்படி பலூன் எவ்வளவு சுருங்க வேண்டும்? நான்கில் ஒரு பங்காக. நீ பார்த்த பலூன் நான்கில் ஒரு பங்காகவா இருந்தது? சப்பையாக இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் சார்லஸ் விதி மட்டும் போதவில்லை. ஆக்சிஜன் −183 டிகிரியிலேயே திரவமாகிவிடும் என்பதை வைத்துக்கொண்டு யோசி. அடுத்த முறை பலூனை வெளியே எடுத்தவுடன் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லிக் கேள். அடியில் ஒரு திரவம் கொஞ்ச நேரம் உருண்டுகொண்டிருக்கும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொருட்காட்சிகளில் வாயிலிருந்து புகை வருவதற்காகத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்த பிஸ்கட் விற்கிறார்கள். சாப்பிடாதே, தம்பி தங்கைகளையும் சாப்பிட விடாதே. ஒரு துளி திரவம் உள்ளே போனால் அது ஏறத்தாழ 700 மடங்கு விரியும். வயிற்றையும் குடலையும் கிழித்துவிடும். மூடிய அறையில் அதைக் கொட்டுவதும் ஆபத்து, ஏனென்றால் விரிகிற வாயு ஆக்சிஜனைத் தள்ளிவிடும். காட்சி நடத்துகிறவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அறிவியல் மாணவனின் வேலைதான்.

கேள்வி: நான் தமிழ்வழியில் படிக்கிறேன். விடுமுறையில் ஒரு பயிலரங்கத்துக்குப் போனேன். மூன்று நாளும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். எனக்குக் கேள்விகள் இருந்தன. கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசி நாள் போகவில்லை. இனி இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில் பயன் உண்டா டீச்சர்?
– பிளஸ் டூ மாணவி, எண்ணூர்

பதில்: உன் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன் மகளே. நீ போகாமல் விட்ட அந்தக் கடைசி நாள் எனக்கு வலிக்கிறது. தவறு உன்னுடையது அல்ல. எண்ணூரிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று நாள் நடத்தினார்களே, அவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் வானிலை மையம் இருக்கிற வளாகத்தில்தான் அந்தக் காலத்தில் மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792ல் கட்டியது. அங்கே இன்றும் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. தொலைநோக்கிக் கருவியைத் தாங்கிய தூண். அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கீழ்நிலை ஊழியராக நுழைந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867ல் தெற்கு வானத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். 1874ல் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றபோது, அது என்ன நிகழ்வு என்று சாதாரண மக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். சுமார் 150 வருடத்துக்கு முன்பே ஒருவர் அந்தப் பாடுபட்டிருக்கிறார்.

அதனால் அடுத்த முறை எழுந்து நின்று தமிழில் கேள். "சார், தமிழில் கேட்கிறேன்" என்று தொடங்கு. அனுமதி கேட்க வேண்டாம். உன் பின்னால் நான்கு பேர் அதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் சனிக்கிழமை வகுப்பில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனியாக உண்டு. தமிழ்க் காட்சிக்குப் போ. கலைச்சொற்களுக்கு ஆங்கிலம் தேவைப்படும். அதை ஒரு சின்ன நோட்டில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொள். அது இரண்டு மாத வேலை, அவ்வளவுதான்.

பயிலரங்கம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் குறைபட்டுக்கொள்கிறீர்கள். எந்த மொழியில் கேட்கலாம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆறு முதல் பன்னிரண்டு வரை 180 மாணவர்களை நான்கு பஸ்ஸில் ஒரே நாளில் அறிவியல் மையத்துக்கு அழைத்து வரலாமா?
– தலைமை ஆசிரியர், திருவள்ளூர்

பதில்: வேண்டாம் ஐயா. ஆறாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே காட்சிப்பொருளின் முன் நின்றால் பெரியவர்கள் விலகிக்கொண்டு செல்பேசி பார்ப்பார்கள். நாற்பது பேர் ஒரு பஸ்ஸில், ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் மட்டும். ஒவ்வொருவருக்கும் கிளம்பும் முன்பே ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். பதிலை எண்ணாகவோ படமாகவோ கொண்டுவர வேண்டும். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், கூட்டம் நெரியும். வேறு நாளாகப் பாருங்கள்.

கேள்வி: பேரன் பிளஸ் ஒன் முடித்துவிட்டு ஏப்ரலில் வீட்டில் இருப்பான். எனக்கு மூட்டு வலி. அவனை எங்கும் அழைத்துப் போக முடியாது. மொட்டை மாடியிலேயே செய்கிற மாதிரி ஏதாவது உண்டா அம்மா?
– ஒரு தாத்தா, நங்கநல்லூர்

பதில்: இருக்கிறது ஐயா. நீங்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஏப்ரல் 24 அன்று சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிமிர்ந்து நிற்கிற எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது. வருடத்தில் இரண்டே நாள்தான். மற்றது ஆகஸ்ட் 18. இதற்கும் காரணம் அதே 13 பாகைதான். அன்று சூரியன் வடக்கே 13 பாகையில் இருக்கிறது.

நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. சென்னை அதற்கு மேற்கே 80.3ல் இருக்கிறது. ஏப்ரல் 24ல் நமக்கு உச்சி நேரம் 12.07, ஆகஸ்ட் 18ல் 12.13. பேரனைப் பதினொன்றே முக்காலுக்கே மாடிக்கு அனுப்பிவிடுங்கள். சமதளமான பலகையில் ஒரு மீட்டர் கம்பியை நிறுத்தட்டும். தூக்குநூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் பென்சிலால் புள்ளி வைக்கட்டும்.

அதே நாளில் கன்னியாகுமரியில் யாராவது உறவினரோ நண்பரோ ஒரு மீட்டர் கம்பி நிறுத்தி, அங்கே நிழல் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் அளந்து சொல்ல வேண்டும். அங்கே நிழல் இல்லாமல் போகாது. தெற்கே சுமார் 8.7 செ.மீ. விழும். அந்த நீளத்திலிருந்து கோணம் 5 பாகை என்று பேரன் கண்டுபிடிப்பான். வட்டத்தில் 360 பாகை. 5 பாகை என்பது அதில் 72ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

இங்கேதான் எங்கள் பிள்ளைகள் ஒருமுறை தடுக்கி விழுந்தார்கள். சாலைத் தூரம் 700 கிலோமீட்டர் என்று போட்டு 50,400 என்று விடை கொண்டுவந்தார்கள். சாலை நேர் தெற்கே போவதில்லை. கன்னியாகுமரி சென்னைக்குத் தெற்கே மட்டும் இல்லை, மேற்கேயும் தள்ளி இருக்கிறது. நமக்கு வேண்டியது வடக்கு-தெற்குத் தூரம் மட்டும். வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் 555 கிலோமீட்டர் கிடைக்கும். பெருக்கினால் 39,960. உண்மையான அளவு 40,000ஐ ஒட்டித்தான். இந்தத் தூரத்தை நீங்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதீர்கள் ஐயா. அவன் முதலில் 50,400 என்றே சொல்லட்டும். "அதிகமாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது இந்தப் பத்தாயிரம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு சாயங்காலம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

கன்னியாகுமரியிலோ நாகர்கோவில் பக்கத்திலோ இருக்கிற வாசகர்கள் யாராவது ஏப்ரல் 24 நண்பகலில் கம்பி நிறுத்தத் தயாரென்றால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். உங்கள் அளவை நங்கநல்லூர் தாத்தாவுக்கு நான் சேர்ப்பிக்கிறேன். நிழலின் நீளத்தோடு கம்பியின் உயரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். பாதிக் கடிதங்களில் அது விட்டுப்போகிறது.